திதிச் சலுகை

புகார் கிடைத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் அதன் மேல் முடிவெடுத்துப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் இடைத்தரகு செய்யும் நிறுவனங்களுக்கு, அவை எந்த நாட்டில் பிறந்தவையாக இருந்தாலும், இந்திய அரசு எழுதிவைத்திருக்கும் விதி இது. மூன்றாவது விதி, இரண்டாவது உட்பிரிவு. இதைவிடப் பெரிய பிரிவு ஒன்றும் உண்டு. போட்டிச் சட்டத்தின் நான்காவது பிரிவு. ஆதிக்க நிலையில் இருக்கும் எந்த நிறுவனமும் அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. ஒரே வரி. முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு சட்டம் எவ்வளவு சுருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு வழக்கறிஞர்கள் அதை வைத்துச் சாப்பிடலாம்.

இந்த இரண்டையும் என் மைத்துனருக்கு நான் வாசித்துக் காட்டியது ராமேசுவரத்தில், அவருடைய விடுதியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து. என் மனைவியின் தம்பி அவர். திருவாடானைப் பக்கத்தில் இருந்த நிலத்தைக் கொடுத்துவிட்டு, கோயிலின் கிழக்கு வாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் பன்னிரண்டு அறை கொண்ட விடுதி ஒன்றை வாங்கியவர். காகிதம் என்றாலே அவருக்கு ஆகாது. கிரயப் பத்திரம் அரிசி டிரம்முக்கு அடியிலும், வரி ரசீது சாமி படத்துக்குப் பின்னாலும் இருக்கும். அவரை நான் பல வருடம் கொஞ்சம் தாழ்வாகவே எண்ணியிருந்தேன். அவரும் என்னை அப்படித்தான் எண்ணியிருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. நான் வாசித்து முடித்ததும் அவர் கேட்டது இதுதான்: "இதெல்லாம் அவனுக்குத் தெரியுமா மச்சான்?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சேதான் செய்யிறானா? அப்பச் சரி. தெரியாமச் செஞ்சிருந்தா நாம போயிச் சொல்லிக் குடுக்கணுமேன்னு பாத்தேன்."

'அவன்' என்று அவர் சொன்னது ஓர் ஆளை அல்ல. உலகம் முழுக்க விடுதி அறைகளைக் கைப்பேசி வழியாக விற்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை. அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. விளம்பரத்துக்கு அவர்கள் செலவு செய்வது போதும்.

அந்த விடுதிக்கு ஒரு வழக்கம் இருந்தது. அஸ்தி கரைக்க வருகிறவர்கள், தலைத்திதி கொடுக்க வருகிறவர்கள் இவர்களுக்கு வாடகையில் பாதிதான். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்த தர்மம் இல்லை இது. விடுதி வாங்கிய முதல் மாதத்தில், மகனுடைய அஸ்தியோடு வந்த ஒரு தகப்பனிடம் முழு வாடகையை வாங்கிவிட்டு, அன்று முழுக்கத் தமக்குச் சோறு இறங்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து பாதி. இன்னொன்றும் உண்டு. சாவுக் காரியத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. அவர்களிடம் 'போயிட்டு வாங்க' என்று சொல்வதும் இல்லை. எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் அறிந்தது. அப்படி வந்தவர்கள் சாவியை மேசைமேல் வைக்கும் நேரத்தில் என் மைத்துனர் சாவிப் பலகையின் பக்கம் திரும்பிக்கொள்வார். ஏதோ ஒரு சாவியைத் தேடுவதுபோல் பாவனை செய்வார். அவர்கள் படி இறங்கிய பிறகுதான் திரும்புவார். வாய் ஓயாமல் பேசும் அந்த மனிதர் அந்த அரை நிமிடம் வாயைக் கட்டிக்கொள்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

நிறுவனம் ஊருக்குள் வந்தபோது பழக்கூடையோடு வந்தது. அதன் ஆட்கள் அறைகளைப் படம் எடுத்தார்கள். கட்டில் விரிப்பை இழுத்துவிட்டார்கள், சன்னலைத் திறந்து கடல் தெரிகிறதா என்று பார்த்தார்கள், தெரியாத கடலைப் படத்தில் தெரியவைத்தார்கள். முதல் வருடம் பத்துப் பேரில் ஒருவர் அந்த வழியில் வந்தார். பிறகு பாதிப் பேர். பிறகு ரயிலடியில் ஆள் பிடிக்கிறவர்களும் ஆட்டோக்காரர்களும் வேறு வேலை தேடிப் போனார்கள். வருகிற யாத்ரீகன் பாம்பனைத் தாண்டுவதற்கு முன்பே கைப்பேசியில் அறையைப் பிடித்துவிட்டு வந்தான். அமாவாசைகளைத் தவிர மற்ற நாட்களில் அந்தச் செயலியில் இல்லாத விடுதி, ஊரிலேயே இல்லாத விடுதி ஆகிவிட்டது. ஆதிக்க நிலை என்று சட்டம் சொல்வது இதைத்தான். இதை விளக்க டெல்லியில் பொருளாதார நிபுணர்கள் வரைபடம் போடுகிறார்கள். ராமேசுவரம் ரயிலடியில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் நாற்பது பக்கம். என் மைத்துனர் அதை விரலால் தொட்டுச் சம்மதித்திருந்தார். நான் அதை வாசித்தபோது காலம் கடந்திருந்தது. அதில் ஒரு பிரிவு: செயலியில் காட்டும் வாடகைக்குக் குறைவாக, வேறு எந்த வழியிலும், எவருக்கும், விடுதிக்காரர் அறை தரக் கூடாது. அதாவது தம் சொந்தக் கட்டடத்தில், தம் சொந்த மேசையில், தம் முன்னால் நிற்கிற மனிதனுக்கு அவர் இரக்கப்படக் கூடாது. இந்தப் பிரிவை ஐரோப்பாவில் சில நாடுகள் சட்டம் போட்டே ஒழித்திருக்கின்றன. அங்கே நிறுவனம் மறுபேச்சில்லாமல் பணிந்தது; தாங்கள் எப்போதுமே கூட்டாளிகளின் சுதந்திரத்தை மதிப்பவர்கள் என்று அறிக்கையும் விட்டது. கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் அந்த மதிப்பு எங்கே விழுந்ததோ தெரியவில்லை. கண்டிப்பான மாமியார் வீட்டில் குனிந்த தலை நிமிராமல் இருந்துவிட்டு, ஏழைச் சித்தப்பா வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்காரும் மாப்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பிரிவு இருப்பதே தெரியாமல் வழக்கம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முதல் இடைஞ்சல் வேறு விதமாக வந்தது. கணவருடைய அஸ்தியோடு ஓர் அம்மாள் செயலி வழியாக அறை எடுத்து வந்தார். காரியத்தை முடித்துக்கொண்டு, சாவியை வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். மூன்றாம் நாள் அவருடைய கைப்பேசிக்கு நிறுவனத்திலிருந்து செய்தி போயிருக்கிறது. 'ராமேசுவரம் உங்களுக்காகக் காத்திருக்கிறது! மறுபடியும் எப்போது வருகிறீர்கள்? அடுத்த முறைக்குச் சிறப்புத் தள்ளுபடி!' அந்த அம்மாள் விடுதிக்குப் போன் செய்தார். வீட்டில் இன்னும் மாமனார், மாமியார், ஒரு பையன் இருக்கிறார்கள், யாரைக் கொண்டுவரச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து என் மைத்துனர் சாவுக் காரியத்துக்கு வருகிறவர்களைச் செயலியில் வரவிடாமல், நேரில் வரச் சொன்னார். நேரில் வந்தவர்களுக்குப் பாதி வாடகை.

இந்த இடத்தில் நான் நுழைகிறேன். பாதி வாடகை வாங்குகிறீர், ரசீது எங்கே என்று கேட்டேன். ரசீது இல்லாத சலுகை முறைகேடு என்றேன். அவருக்குச் சலிப்பு. "பாதி குடுக்குறதுக்கும் எழுதணுமா மச்சான்?" எழுத வேண்டும் என்றேன். ராமநாதபுரத்தில் ரசீதுப் புத்தகம் அச்சடித்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் ரசீதை மாதிரிக்காக என் கையாலேயே எழுதினேன். வழக்கமான வாடகை, தள்ளுபடி, தள்ளுபடிக்கான காரணம். காரணம் என்ற கட்டத்தில், கோப்பில் எழுதும் அதே கையெழுத்தில், 'திதிச் சலுகை' என்று எழுதி அடிக்கோடு இட்டேன். அந்த ரசீதைப் பெற்றுக்கொண்டவர் சேலத்திலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர். நன்றியுள்ள மனிதர். ஊருக்குத் திரும்பியதும் நிறுவனத்தின் செயலியில் விடுதிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பாராவும் எழுதி, சான்றாக அந்த ரசீதின் படத்தையும் சேர்த்துவிட்டார். ஏழு வருடம் ரசீது இல்லாமல் நடந்த தர்மத்தை, என் ஒரு ரசீது காட்டிக்கொடுத்தது.

பத்து நாளில் எல்லாம் முடிந்தது. செயலியில் விடுதியின் பெயர் இருந்தது, படங்கள் இருந்தன, தெரியாத கடலும் இருந்தது. எந்தத் தேதியைத் தட்டினாலும் 'அறை காலி இல்லை' என்று வந்தது. விடுதியில் பன்னிரண்டு அறையும் பூட்டிக் கிடந்தன. பக்கத்து விடுதிக்காரர் காலையில் வாசல் தெளிக்கும்போது, "என்னண்ணே, இன்னைக்கும் ஹவுஸ்புல்லா?" என்று கேட்பார். என் மைத்துனரும் விடமாட்டார். "ஆமாடா, நிக்க எடமில்ல. கொசுவே ரெண்டு ரெண்டாத்தான் தங்குது. ஒங்கிட்ட ஏதும் ரூம் இருந்தாச் சொல்லு, அனுப்பி வைக்கிறேன்" என்பார். சிரிப்பார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது. கூட்டிப் பெருக்க வந்த இரண்டு பெண்களில் ஒருவரை நிறுத்த வேண்டிவந்தது. அந்தப் பாதி வாடகையை நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மறுநாளே அறைகள் திறந்துவிடும் என்று நிறுவனம் சொன்னது. வழக்கத்தை விட்டால் விடுதி இருக்கும். விடாவிட்டால் விடுதி எத்தனை நாளைக்கு என்பது தெரியாது. அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

நிறுவனத்தில் பேசுவதற்கு ஒரு குரல் இருந்தது. பெங்களூரிலிருந்து பேசும், சென்னைத் தமிழ். "சார், சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது" என்ற ஒரு வாக்கியத்தை அது ஐந்து விதமாகச் சொல்லும். ஒருநாள் என் மைத்துனர் பொறுமையிழந்து, "தம்பி, நீ இங்கன வந்து பாரு. அஞ்சாம் நம்பர் ரூம்ல நீயே படுத்துக்க. அப்பறம் காலியா இல்லையான்னு சொல்லு" என்றார். அந்தக் குரல் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தத் தேதியில் அறை காலி இல்லை என்று காட்டுகிறது சார் என்றது.

நான் விதிப்படி புகார் எழுதினேன். குறைதீர் அலுவலர் என்று ஒருவரை நியமித்து அவருடைய முகவரியை வெளியிட வேண்டும் என்று விதி சொல்கிறது. முகவரி இருந்தது. அலுவலர் இருந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. அனுப்பிய மறு நொடியில் ஒப்புகை வந்தது. இருபத்து நான்கு மணி நேரம் என்ற விதியை அவர்கள் மிகக் கச்சிதமாக நிறைவேற்றினார்கள். பதினாறாம் நாள் நினைவூட்டு எழுதினேன். மறு நொடியில் ஒப்புகை. இரண்டாம் நினைவூட்டு, மூன்றாம் நினைவூட்டு. ஒவ்வொன்றுக்கும் அன்பான ஒப்புகை, 'உங்கள் பொறுமைக்கு நன்றி', அடியில் ஒரு சிரித்த முகம். தாமதம் என்றால் என்னவென்று யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. நானே மனுக்களை உறங்கவைத்திருக்கிறேன். எந்தக் குறிப்பை எழுதினால் ஒரு கோப்பு இரண்டு மாதம் சுற்றும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் எங்கள் தாமதத்துக்கு ஒரு நாற்காலி இருந்தது, அதில் ஓர் ஆள் இருந்தான். மனுக்காரர் சாயல்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்த ஆளின் முகத்துக்கு நேரே, "நீங்க நல்லாயிருப்பீகளா சார்?" என்று கேட்டுவிட்டுப் போகலாம். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அன்று மாலையே சில கோப்புகள் நகர்ந்ததும் உண்டு. சிரித்த முகத்திடம் போய் என்ன கேட்பது?

ஆகவே டெல்லியில் உள்ள ஆணையத்துக்கு எழுதினேன். போட்டிச் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவின்படி எந்தக் குடிமகனும் தகவல் கொடுக்கலாம். உரிய கட்டணம், உறுதிமொழி, இணைப்புகள், பக்க எண். எழுதும்போது எங்களுக்குள் சண்டை வந்தது. அந்த அம்மாளுக்குப் போன செய்தியைச் சேர்க்க வேண்டும் என்றார் அவர். அதெல்லாம் உணர்ச்சி, சட்டத்துக்கு வேண்டாம், விலைப் பிரிவு ஒன்று போதும் என்றேன் நான். "செத்தவுகளப் பத்தி எழுதாம எதப் பத்தி மச்சான் எழுதுறீக?" என்றார். 'சந்தை ஆதிக்கம்' என்றேன். எழுந்து போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து டீயோடு வந்து, "சரி, ஒங்க பாசையிலயே எழுதுங்க. அவனுக்கும் அதுதான் புரியும்போல" என்றார்.

நிறுவனத்தின் பதிலுரை மூன்று தொகுதிகளாக வந்தது. தபால்காரர் இரண்டு கையாலும் தூக்கிவந்தார். முதல் வாதம்: இந்தியாவில் உள்ள கிளைக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, கிளை விளம்பரம் மட்டுமே செய்கிறது. ஒப்பந்தம் செய்த கம்பெனி ஐரோப்பாவின் ஒரு நகரத்தில் இருக்கிறது. தகராறு எதுவானாலும் அந்நகரத்து நீதிமன்றத்தில்தான் தீர்க்க வேண்டும். வெளிநாட்டு அரசின் அமைப்பு ஒன்று இதில் தலையிடுவது முறையல்ல என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். ராமேசுவரத்தில், ராமேசுவரத்து அறையைப் பற்றிய வழக்கில், வெளிநாட்டு அரசு என்று அவர்கள் சொன்னது இந்திய அரசை. இதை மைத்துனரிடம் சொன்னேன். அவர் வாசல்படியில் நின்று கிழக்கே கையைக் காட்டினார். "அந்தா அங்கிட்டு தனுஷ்கோடி. அதத் தாண்டுனா சிலோன். அதுக்கே நான் போனதில்ல. இவன் பனி பேயிற ஊருக்குல்ல கேசுக்குக் கூப்புடுறான். சொட்டரு அவன் குடுப்பானா?"

இரண்டாவது வாதம் இன்னும் அழகு. தாங்கள் ஆதிக்கத்தில் இல்லவே இல்லை என்றார்கள். யாத்ரீகன் ஓர் இரவைக் கழிக்க எண்ணற்ற வழிகள் உண்டு. மற்றச் செயலிகள், சத்திரங்கள், மடங்கள், ரயில் பெட்டிகள், உறவினர் வீடுகள் எல்லாம் சேர்ந்ததே உரிய சந்தை. அந்தச் சந்தையில் தாங்கள் ஒரு துளி. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் வழக்கறிஞர்கள் யோசித்து எழுதியது இது. "ஒறவுக்காரன் வீடுமா?" என்று கேட்டார், அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மைத்துனர். ஆமாம் என்றேன். "அப்ப எங்கக்கா எனக்குப் போட்டி லாட்ஜா? மச்சான், இத்தன வருசமா ஒங்க வீட்ல நான் தங்குனதுக்கெல்லாம் நீங்கதான் ஆதிக்க நெலையா?" என் மனைவி அடுக்களையிலிருந்து, "வாடகையப் பத்தி இன்னைக்காச்சும் பேசுனியே" என்றாள்.

மூன்று தொகுதிகளையும் முழுக்கப் படித்தவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். எழுதியவர்களே படிக்கவில்லை என்பதற்கு என்னிடம் ஆதாரம் உண்டு. முதல் தொகுதியில் அவர்கள் சொல்கிறார்கள்: சர்ச்சைக்குரிய விலைப் பிரிவு வெறும் பழைய அச்சு வாசகம்; இந்தியாவில் எந்த விடுதியின் மீதும் அது ஒருபோதும் அமல்படுத்தப்பட்டதில்லை. மூன்றாம் தொகுதியில், என் மைத்துனர் ஒழுங்கற்ற கூட்டாளி என்று காட்டுவதற்காக இணைப்புகள். அவற்றின் நடுவே சேலத்து ஆசிரியர் போட்ட ரசீதுப் படம். என் கையெழுத்து. 'திதிச் சலுகை' என்ற சொற்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதன் கீழே அவர்களுடைய அலுவலகக் குறிப்பு: 'விலைப் பிரிவு மீறல், அறைகள் மறைக்கப்பட்டன.' ஒருபோதும் அமல்படுத்தாத பிரிவை அமல்படுத்தியதற்கு அவர்களே ஆவணம் தாக்கல் செய்திருந்தார்கள். என்னுடைய கீழ்நிலை எழுத்தர் ஒருவர் இப்படி ஒரு கோப்பை என் மேசைக்கு அனுப்பியிருந்தால் அன்றைக்கே குறிப்பாணை கொடுத்திருப்பேன்.

ஆணையத்தின் கூட்டம் காணொளியில் நடந்தது. எங்கள் பக்கத்தில், ஐந்தாம் எண் அறையில், கட்டிலை நகர்த்திவிட்டு மேசை போட்டு உட்கார்ந்தோம். மைத்துனர் வேட்டி சட்டை, நெற்றியில் விபூதி. நிறுவனத்தின் பக்கம் ஒன்பது கட்டங்களில் ஒன்பது கறுப்புக் கோட்டுகள். மூத்த வழக்கறிஞர் முக்கால் மணி நேரம் பேசினார். நல்ல ஆங்கிலம், குறை சொல்ல முடியாது. நுகர்வோர் நலன் என்ற சொல்லை மூச்சுக்கு ஒருதரம் உச்சரித்தார். பாதி வாடகை கொடுத்த நுகர்வோரிடம் முழு வாடகை வாங்குவதில் என்ன நலன் என்று யாரும் கேட்கவில்லை. என் முறை வந்தது. முதல் தொகுதியின் பக்க எண்ணைச் சொல்லி ஒரு வரியை வாசித்தேன். மூன்றாம் தொகுதியின் பக்க எண்ணைச் சொல்லி இன்னொரு வரியை வாசித்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஒன்பது கட்டங்களிலும் தலைகள் குனிந்து காகிதம் புரட்டின. மூத்த வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் ஊரில், பிடிபட்ட திருடன், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொன்னதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தலைமை வகித்தவர் என் மைத்துனரைப் பார்த்து, ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அய்யா, என் ரூமுக்கு நான் என்ன வாங்கணும்னு அவுக சொல்லட்டும். அது வியாபாரம். வாங்கக் கூடாதுன்னு நான் நெனச்சா, அத வாங்கித்தான் ஆகணும்னு சொல்ல அவுக யாரு?" என்றார். பிறகு நான் சேர்க்க மறுத்த அந்தச் செய்தியை, அந்த அம்மாளுக்குப் போனதை, ஒரு சொல் விடாமல் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, 'மறுபடியும் எப்போது வருகிறீர்கள்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். திரையில் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார்.

சில மாதம் கழித்து ஆணை வந்தது. முகாந்திரம் இருக்கிறது, விசாரணை நடத்துக என்று. மைத்துனருக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப ஜெயிச்சுட்டமா மச்சான்?" என்றார். இல்லை, விசாரிக்கலாமா என்று விசாரித்தார்கள், விசாரிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்றேன். "இதுக்குத்தான் ஒங்களுக்குப் பென்சன் குடுக்குறாகளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நிறுவனம் அந்த ஆணையை எதிர்த்து வழக்குப் போட்டது; அது அவர்களுடைய உரிமை. கூடவே பெங்களூர்க் குரல் மறுபடி வந்தது. புகாரை வாபஸ் வாங்கினால் அறைகளைத் திறப்பது மட்டுமல்ல, முதல் பக்கத்தில் காட்டுவோம் சார் என்றது. "வாபஸ் வாங்குனா சிஸ்டம் ஒத்துக்குமா தம்பி?" என்று கேட்டார் மைத்துனர். ஒத்துக்கும் சார் என்றது குரல். "நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார்.

இப்போது அவர் இல்லை. நான் சொல்லப்போகும் நாளுக்கு அடுத்த வருடம், மார்கழியில், குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டோடு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விடுதியை அவருடைய மகள் நடத்துகிறாள். பாதி வாடகை நடக்கிறது, ரசீது இல்லாமல். விசாரணையும் நடக்கிறது. நிறுவனம் அந்தப் பிரிவை இன்றுவரை நீக்கவில்லை. எங்களுக்கு மட்டும் அமல்படுத்துவதை நிறுத்தி வைத்திருக்கிறது. குறையே இல்லாத ஆள் குறை சொல்கிறான் என்று டெல்லியில் வாதாடுவதற்கு அது வசதி. வெளிநாட்டு அரசுகள் இம்மாதிரி நிறுவனங்களை என்ன செய்ய முடியும் என்று படித்தவர்கள் பத்திரிகையில் எழுதுகிறார்கள். நான் பார்த்த அளவில், அரசுகள் சட்டம் இயற்றலாம். அதன்படி நடப்பதற்கு எவ்வளவு நாள் எடுத்துக்கொள்வது என்பதை நிறுவனங்கள் இயற்றிக்கொள்கின்றன.

என் முதல் புகாருக்கு, பதினைந்து நாள் விதிப்படி வரவேண்டிய அந்தப் பதில், வந்தது. அன்று ஊரில் கால் வைக்க இடமில்லை. அக்னி தீர்த்தத்திலிருந்து ஈர உடையோடு ஒரு வரிசை கோயிலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் யாருக்கும் யாருடைய செயலியின் தயவும் தேவையில்லை. பன்னிரண்டு அறையும் விடிவதற்குள் நிறைந்து, நடையில் பாய் விரித்து இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஒத்தாசைக்கு நானும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி சுமாருக்கு என் கைப்பேசியில் பதில் விழுந்தது. உங்கள் புகாரைக் கவனமாகப் பரிசீலித்தோம். உங்கள் அறைகள் அனைத்தும் இப்போது காலியாகக் காட்டப்படுகின்றன. உங்கள் பிரச்சினை தீர்ந்ததாகக் கருதுகிறோம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

இரண்டு வருடத்துக்கும் மேலாகக் காலியாகக் கிடந்தபோது நிறைந்திருந்த விடுதி, நிறைந்து வழிந்த அன்று காலியாகிவிட்டது. மைத்துனரிடம் காட்டுவதற்குள், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மேசைக்கு வந்துவிட்டார்கள். கணவர் கையில் கைப்பேசி. மனைவி கையில் சிவப்புத் துணி கட்டிய சின்னக் கலயம். "இப்பத்தானுங்க புக் பண்ணுனேன். பணம் பூராவும் கட்டியாச்சுங்க" என்றார். மைத்துனர் கைப்பேசியைப் பார்க்கவில்லை, கலயத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "காசு அங்கிட்டுப் போயிருச்சு மச்சான். ஆளு இங்கிட்டு வந்துருச்சு" என்றார். மாடியில் தாமும் மனைவியும் படுக்கும் அறையை அவர்களுக்குத் திறந்துவிடச் சொன்னார். ரசீது எழுதட்டுமா என்று, பழக்க தோஷத்தில், கேட்டுவிட்டேன். "சும்மா இருங்க மச்சான். நீங்க ஒண்ணு எழுதுனதுக்கே இந்தப் பாடு."

மறுநாள் அவர்கள் சாவியை வைத்தபோது அவர் சாவிப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று நானும் திரும்பிக்கொண்டேன்.

வந்த பதிலை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்து, ஓரத்தில் வரப்பெற்ற நாளைக் குறித்தேன்: ஆடி அமாவாசை, புகார் கொடுத்த பிறகு வந்த மூன்றாவது.